பெட்டியில் கண்ட எண்

சென்ற ஆண்டு மழைக்காலத்து மாலையொன்றில், குவா மூசாங்கிற்கு அப்பால் மரவெட்டுப் பாதையின் சேற்றில் எங்கள் ஜீப்பு வண்டி அச்சுவரை அமிழ்ந்தது. உடனிருந்தவன் என் தம்பி மகன். அருகே ஓடை பெருகிக்கொண்டிருந்தது.

வண்டியின் முகப்பிலிருந்த வின்ச் என்னும் இழுவைப் பொறி 2,700 கிலோ இழுக்கும் என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருந்தது. சுமையோடு வண்டியின் எடை 2,500 கிலோ. அது போதுமென்று, மலிவு கருதி வாங்கியவன் நான்தான். பொறி முனகியது, வண்டி அசையவில்லை.

காரணம் பின்னரே விளங்கிற்று. பெட்டியில் காணும் எண், உருளையில் கயிறு ஓர் அடுக்காக மட்டும் இருக்கும் நிலைக்கே உரியது. நானோ பக்கத்து மரத்தில் கட்டியிருந்தேன். கயிற்றின் பெரும்பகுதி உருளையிலேயே கிடந்தது. அடுக்கு ஏற ஏற இழுவிசை குறையும். நான்காம் அடுக்கில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு போய்விடும். சேற்றின் பிடியோ தனி.

தம்பி மகன் கப்பியை எடுத்து நீட்டினான். அதை மரத்தில் பூட்டி, கயிற்றை அதன்வழிச் செலுத்தி வண்டிக்கே திருப்பிக் கட்டினோம். வேகம் பாதியாயிற்று, விசை ஏறத்தாழ இருமடங்காயிற்று. இருட்டுமுன் கரையேறினோம்.

இப்போதுள்ள வின்ச் 4,300 கிலோ இழுப்பது. சுமையுடன் கூடிய எடையில் ஒன்றரை மடங்கேனும் வேண்டுமென்பது துறையறிந்தோர் கணக்கு. எஃகுக் கயிற்றையும் நீக்கிச் செயற்கை இழைக் கயிறு பூட்டினேன். எஃகு அறுந்தால் சாட்டையாய் வீசும். முன்னே நிற்பவன் பெரும்பாலும் தம்பி மகனே.