கையேட்டுக்குள் ஒரு கடை

வலைச் செயலி எழுதச் சொல்லித்தரும் கையேடு எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு கடை இருக்கும். புத்தகக் கடை, பீட்சா கடை. ஜாவா காலத்தில் சன் நிறுவனமே மாதிரிக்குக் கொடுத்தது ஒரு செல்லப் பிராணிக் கடை. வாடிக்கையாளருக்கு முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம். பொருளைக் கூடையில் போடுவார், பணம் கட்டுவார், முடிந்தது. நடுவில் லைன் அறுந்துபோவதே இல்லை.

நான் தஞ்சாவூரில் இருந்துகொண்டு அரிசி ஆலைகளுக்கும் விதைக் கடைகளுக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் செயலி எழுதுகிறவன். என் பயனருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பட்டாவில் இன்னார் மகன் இன்னார் என்று இருப்பார், ஆதாரில் முன்னெழுத்து பின்னால் வரும், பாங்க் பாஸ்புத்தகத்தில் முன்னால் வரும். மூன்றும் ஒரே ஆள்தான் என்பதைச் செயலிதான் கண்டுபிடிக்க வேண்டும். கையேடு எழுதியவருக்கு இவரைத் தெரியாது; அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தத் தொழிலில் மேல்படிப்பு என்று எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்தக் கடையும் எங்கள் வரப்பும் ஒட்டாமல் போன இடங்களில் கிடைத்ததுதான்.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'தஞ்சாவூர்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் 9 என்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை 5 என்று சொல்லும். புள்ளியையும் துணைக்காலையும் யூனிகோட் தனித்தனிக் குறிகளாக எண்ணுவதால் வந்த வித்தியாசம் இது. யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அதே ஊர் 27 பைட். 'பெயர் 15 எழுத்துக்கு மேல் போகக் கூடாது' என்ற கையேட்டு வரியை அப்படியே ஒட்டிவைத்தால், 9 எழுத்துள்ள திருத்துறைப்பூண்டி 18 ஆகி வெளியே நிற்கும்.

கொரடாச்சேரி இன்னும் வம்பு. 'கொ' என்பதைக் கணினிக்குள் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று; அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று மூன்று குறிகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒருவர் முதல் வகையில் பதிந்ததை இன்னொருவர் இரண்டாம் வகையில் தேடினால், அப்படி ஓர் ஊரே இல்லை என்று பதில் வரும். இதற்கான மருந்து யூனிகோட் தரநிலையின் 15ஆம் இணைப்பில் இருக்கிறது. எழுத்து எப்படி வந்தாலும் சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் 2015 முதல் அதற்கு ஒரு வரி போதும். நான் வைத்திருக்கும் பல கையேடுகளில் அந்த வரி உண்டு, ஆனால் பிரெஞ்சுச் சொல் ஒன்றின் தலைக்குறியை உதாரணமாகக் காட்டி, அரைப் பக்கத்தில் கடந்துவிடுவார்கள். நமக்கல்லவா அது முழு அத்தியாயம்.

வரிசையும் அப்படித்தான். குறி எண்ணை வைத்து அடுக்கினால் மன்னார்குடி முன்னால், மயிலாடுதுறை பின்னால். யூனிகோட் கட்டத்தில் னகரம் நகரத்துக்குப் பக்கத்து வீடு. நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய், ஆகவே மயிலாடுதுறைதான் முதலில் வர வேண்டும். மொழி தமிழ் என்று குறிப்பிட்டு அடுக்கச் சொன்னால் சரியாக வரும். சொல்லாவிட்டால் கணினி கவலைப்படாது. பட்டியலில் தன் ஊரைத் தேடும் கிழவர்தான் கவலைப்படுவார்.

இதில் எனக்குப் பிடித்தது நெல் குறி. பழைய கணக்கோலைகளில் நெல்லுக்கும் வேலிக்கும் குறுணிக்கும் பதக்குக்கும் தனிக் குறிகள் இருந்தன. 2019இல் வந்த யூனிகோட் 12.0, பின்னங்களையும் சேர்த்து அப்படி 51 குறிகளுக்கு இடம் கொடுத்தது. அந்த இடம் முதல் 65,536 எண்களுக்கு அப்பால் இருப்பதால் ஒவ்வொரு குறிக்கும் 4 பைட் வேண்டும். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் 'யூடிஎஃப்8' என்ற பெயரில் நெடுங்காலம் இருந்த அமைப்போ 3 பைட்டுக்கு மேல் ஏற்காது. சாதாரணத் தமிழ் எழுத்தெல்லாம் உள்ளே போகும். நெல் மட்டும் போகாது. 4 பைட் அமைப்புக்கு மாறச் சொல்லும் எல்லாரும் காரணமாக எமோஜியைக் காட்டுவார்கள். நான் நெல்லைக் காட்டுகிறேன்.

புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் தலைமுறைக்கு அட்டையில் மிருகம் போட்ட ஓ'ரைலி புத்தகங்களை மும்பையின் ஷ்ராஃப் நிறுவனம் மலிவுப் பதிப்பாகக் கொடுத்தது. காண்டாமிருக அட்டை போட்ட டேவிட் ஃபிளானகனின் ஜாவாஸ்கிரிப்ட் கையேடு 2011ஆம் ஆண்டு ஆறாம் பதிப்பில் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. 2020இல் வந்த ஏழாம் பதிப்பு சுமார் எழுநூறு பக்கம். அகராதி போலப் பின்னால் இருந்த பகுதி இணையத்திலேயே கிடைக்கிறது என்று எடுத்துவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான். தேடினால் கிடைப்பது, கேட்கத் தெரிந்ததற்கான விடை மட்டுமே. புரட்டும்போது கேட்காததும் கண்ணில் படும்.

கையேட்டுப் படிப்பு என்றால் இந்தப் பக்கத்தில் எல்லாரும் ராமானுஜனைச் சொல்வார்கள். 1903 வாக்கில், கும்பகோணத்தில், கல்லூரி நூலகத்திலிருந்து இரவலாக வந்த ஜி.எஸ். காரின் கணிதத் தொகுப்பு, சுமார் 5000 தேற்றங்கள். கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களைத் தயார்செய்த ஒரு வாத்தியாரின் குறிப்புப் புத்தகம் அது, மேதைக்காக எழுதப்பட்டதல்ல. நிரூபணம் ஓரிரு வரியில் இருக்கும், அல்லது இருக்காது. மிச்சத்தை அந்தப் பையனே போட வேண்டியிருந்தது. மேதைமையை விடுங்கள், அது யாருக்கும் பாடமாகாது. அந்த விடுபட்ட வரிகளை மட்டும் பாருங்கள். எங்கள் துறைக் கையேடுகள் எதையும் விடுவதில்லை. முழு நிரலையும் இறக்கிக்கொள்ளலாம், இயக்கினால் ஓடும், ஒன்றும் ஏறாது. அதனால் நான் அத்தியாயத்தின் விளக்கத்தை மட்டும் படித்துவிட்டு நிரலை மூடிவைத்து, அதே வேலையை நெல் கொள்முதலுக்கு எழுதிப் பார்ப்பேன்.

அப்படி எழுதும்போதுதான் வரப்பில் நிற்கிறவர் வந்து சேருகிறார். எங்கள் சர்வருக்குத் தீபாவளிக் கூட்டம் கிடையாது. தையிலும் மாசியிலும் சம்பா அறுவடையில்தான் மூச்சுத் திணறும். சிக்னல் ஒரு கோடு. சிப்பம் எத்தனை என்று போட்டு பட்டனை அமுக்குகிறார், சக்கரம் சுற்றுகிறது, பதில் இல்லை. மறுபடி அமுக்குகிறார். முதல் கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருந்தால், இப்போது அவர் பெயரில் இரண்டு டோக்கன்.

எச்டிடிபி நெறிமுறையின் இன்றைய ஆவணம் 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9110. ஒரே கோரிக்கையைப் பல தடவை அனுப்பினாலும் ஒரு தடவை அனுப்பிய விளைவே உண்டாகும் முறைகள் எவை, அப்படியல்லாதவை எவை என்று அது பிரித்துச் சொல்கிறது. புட் முதல் வகை. போஸ்ட் அப்படியல்ல, அதைத் தானாகத் திருப்பி அனுப்பாதே என்கிறது. கையேட்டுக் கடையில் இது ஒரு வரியாகப் போய்விடும். வரப்பில் இதுதான் வேலையே. படிவம் திறக்கும்போதே அதற்கு ஓர் அடையாள எண் கொடுத்துவிட வேண்டும். அந்த எண் டேட்டாபேஸில் இரண்டாம் முறை பதியாதபடி தடை வைக்க வேண்டும். மறுபடி வந்தால் கோபிக்காமல் பழைய ரசீதையே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இருவர் ஒரே நேரத்தில் அமுக்கினால் அது வேறு வம்பு. மார்ட்டின் கிளெப்மன் 2017இல் எழுதிய காட்டுப்பன்றி அட்டைப் புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இரண்டு மருத்துவர்கள் வருவார்கள். பணியில் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. இருவரும் ஒரே நேரத்தில் விடுப்புக் கேட்க, இன்னொருவர் இருக்கிறாரே என்று செயலி இருவரையுமே அனுப்பிவிடும். அறுவடை வண்டி வாடகைச் செயலிக்கு இதை அப்படியே மாற்றினேன். சேற்று வயலில் இறங்கும் பெல்ட் வண்டி இரண்டு. ஒன்றாவது ஊர் உறுப்பினர்களுக்காக நிற்க வேண்டும். இரண்டு ஃபோனிலிருந்து இரண்டு பேர் ஆளுக்கொரு வண்டியை வெளியூருக்கு அனுப்புகிறார்கள். டேட்டாபேஸில் தொடுவது வெவ்வேறு வரிகளை என்பதால் பூட்டு எதுவும் மோதாது. வண்டிகள் இரண்டும் போய்விடும். போஸ்ட்ஜிரெஸ் டேட்டாபேஸ் 2011இன் 9.1 பதிப்பிலிருந்து, அதன் கண்டிப்பான நிலையைத் தேர்ந்தெடுத்தால், இப்படிப் பின்னிக்கொண்ட இரண்டில் ஒன்றைத் தள்ளிவிடும். தள்ளப்பட்டதை மறுபடி முயல்வது நம் பொறுப்பு. அல்லது ஊருக்கென்று ஒரு வரி வைத்து, யார் வந்தாலும் முதலில் அதைப் பூட்டச் செய்யலாம். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். அடுத்து இந்த நிரலைத் திறக்கிறவருக்கு அது கண்ணுக்குத் தெரியும்.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்குகிறார்கள். நன்றாகவே எழுதுகிறது, கேட்டால் அடையாள எண்ணும் வைத்துத் தருகிறது. கேட்காவிட்டால் பெரும்பாலும் கடைதான் வருகிறது. நான் தடுப்பதில்லை. முதல் வாரம் அவர்களிடம் ஆர்எஃப்சி 9110இன் ஒன்பதாம் பிரிவை அச்செடுத்துக் கொடுப்பேன், கூடவே வாடிக்கையாளர் அனுப்பிய ஊர்ப் பட்டியல் ஒன்று. அடுக்கிக் கொண்டுவா என்பேன். 'அண்ணே, கொரடாச்சேரி ரெண்டு தடவை வருது' என்று வந்து நிற்கிற பிள்ளைக்கு அடுத்தது கிளெப்மனின் ஏழாம் அத்தியாயம்.