தரைக்கு என்ன நிறம்?

தோழர்களே, அரசு சிமெண்ட் ஆலை உள்ள எங்கள் ஆலங்குளத்தில், படிப்பகத்துக்குத் தரை போடும்போது ஒரு வாக்குவாதம் வந்தது. அண்ணலின் நிறமான நீலம்தான் வேண்டும் என்றோம். கொத்தனாரான என் அப்பா சிரித்தார்.

"மேல பெயிண்ட் அடிச்சா கால் பட்டு உரிஞ்சிரும்டா. கலவையிலயே சேர்க்கணும்."

கலவையில் சேர்த்தாலும் நீலத்தில் சிக்கல். சிமெண்டிலுள்ள சுண்ணாம்புக் காரம் மலிவான நீலப்பொடிகளை வெளுக்க வைக்கும். தாங்கக்கூடிய கோபால்ட் நீலம் விலை அதிகம். அதுவும் எடுப்பாகத் தெரிய வெள்ளை சிமெண்ட் வேண்டும். ரெட் ஆக்சைடு இரும்புத் துருவின் இனம். காரமும் வெயிலும் அதை அசைக்காது. 10 கிலோ சிமெண்டுக்கு 1 கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தரையின் பலம் குறையும்.

இந்தக் கணக்கெல்லாம் எந்தப் புத்தகத்திலிருந்தும் அப்பாவுக்கு வரவில்லை. பெரிய வீடு ஒன்றில் முழங்காலிட்டு, கரணையால் தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற சிவப்புத் தரை போட்டுக் கொடுத்தார். பால் காய்ச்சிய அன்று அவருக்குத் திண்ணையோடு சாப்பாடு. தான் மெருகேற்றிய தரையில் அவர் பிறகு கால் வைக்கவில்லை.

சுவருக்கு நீலம், தரைக்குச் சிவப்பு என்று முடிவு செய்தோம். ஒரு வாரம் தண்ணீர் கட்டி, தேங்காய் எண்ணெய் தேய்த்தோம். முதலில் அப்பாவை நடக்கச் சொன்னோம். செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றோம்.

எந்த நிறம் என்று நாம் பேசி முடிவு செய்யலாம். அது நிற்குமா என்பதை, தோழர்களே, வேலை தெரிந்த நம் பெரியவர்களிடம் முதலில் கேளுங்கள்.

ஜெய்பீம்.