ஒரு நாள்... ஒரு தீவு... ஒரு அப்பா!

'பார்பேடஸ்னு சொன்னதும் உனக்கு என்னடா ஞாபகம் வருது?' - ஹாஸ்டல்ல ரூம் ரூமா போய்க் கேட்டேன். முக்கால்வாசி பேர் சொன்ன பதில், 'சூர்யகுமார் பிடிச்ச கேட்ச்!' ஒரே ஒருத்தன் மட்டும் கண்ணு மின்ன, 'ரிஹானா ஊர் மச்சி!'ன்னான். எனக்கு? அப்பா போன் பண்ற ஊர்கள்ல அதுவும் ஒண்ணு. அவ்வளவுதான்!

அப்பா கப்பல்ல குக். சரக்குக் கப்பல் இல்லை பாஸ், உல்லாசக் கப்பல். 2009-ல தூத்துக்குடியில இருந்து கிளம்பி, காய்கறி வெட்டுற வேலையில சேர்ந்தவர், இன்னிக்கு 'செஃப் டி பார்டி'. எட்டு மாசம் கடல், ரெண்டு மாசம் வீடு. இதுதான் எங்க குடும்பத்தோட காலண்டர். கொரோனாவுல கப்பல் எல்லாம் நின்னுபோன சமயம்தான் அவர் அதிக நாள் வீட்டுல இருந்தார். அப்போ சம்பளம் இல்லை, ஆனா அப்பா இருந்தார்!

அவர் கம்பெனியில சர்வீஸ் ஆனவங்க குடும்பத்துல ஒருத்தரைக் குறைஞ்ச காசுல கப்பல்ல கூட்டிட்டுப் போகலாம்னு ஒரு சலுகை. அம்மா, 'எனக்கு பஸ்ஸுல போனாலே வாந்தி, என்னை விட்டுடுங்க'ன்னு எஸ்கேப். ஆக, 2025 ஜனவரியில செமஸ்டர் லீவுல ஃப்ளைட் ஏறினேன் நான். ஃப்ளைட் டிக்கெட் காசை அப்பா இன்னும் கட்டிக்கிட்டு இருக்கார்ங்கிறது தனிக்கதை.

ஃப்ளோரிடாவுல ஏறி, கரீபியன் கடல்ல பத்து நாள். 'அப்பாகூட பத்து நாளா, ஜாலிதான்!'னு நினைக்காதீங்க. நான் பயணி, அவர் பணியாளர். நான் மேல் மாடியில ஐஸ்க்ரீம் சாப்பிடுறப்ப, அவர் கீழ எங்கேயோ சாஸ் கிண்டிக்கிட்டு இருப்பார். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் பார்த்தா அதிகம். கப்பல் கரையில நிக்கிறப்பகூட எல்லாரும் இறங்கிட முடியாது. அவசரம்னா கப்பலைப் பார்த்துக்க ஒரு பகுதி ஆட்கள் உள்ளேயே இருக்கணும். அந்த முறை வர்ற அன்னைக்கு வாசலைத் தாண்ட முடியாது. எல்லா ஊருலயும் அப்பாவுக்கு டியூட்டியோ முறையோ மாட்டிக்கிச்சு. ஒரே ஒரு ஊர்ல மட்டும் காலை பத்தேகால்ல இருந்து மூணு மணி வரைக்கும் ஃப்ரீ. அதுதான் பார்பேடஸ்!

விடுவோமா? நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷமாச்சே! கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே லிஸ்ட் ரெடி. மொத்தம் பதினொரு இடம். ஹாரிசன் குகை, பாத்ஷீபா கடற்கரை, கன் ஹில், கென்சிங்டன் ஓவல், கார்லைல் பே, வடக்குக் கோடியில அனிமல் ஃப்ளவர் குகைன்னு நீளும். தீவோட நீளம் 34 கிலோமீட்டர், அகலம் 23 கிலோமீட்டர். பரப்பு 431 சதுர கிலோமீட்டர். நம்ம சென்னை மாநகராட்சி 426! ஒரு நாட்டையே ஒரு நாள்ல முடிச்சிடலாம்னு கணக்குப் போட்டேன். பதினொரு இடத்தை எந்த வரிசையில பார்க்கலாம்னா, 3,99,16,800 வழி இருக்கு. இதுல எது சின்ன ரூட்னு கண்டுபிடிக்க புரோகிராம் எல்லாம் எழுதி, பிரின்ட் அவுட் எடுத்துப் பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன். ஒரு இடத்துக்கு இருபது நிமிஷம். செம்ம பிளான்ல?

ஒரு சின்ன விபத்து மட்டும் முதல்லயே தவிர்க்கப்பட்டது. ரூம்மேட்கிட்ட கடன் வாங்கின மிலிட்டரி டிசைன் டவுசரை நான் மாட்டிக்கிட்டு நிக்க, அப்பா பதறிட்டார். பார்பேடஸ்ல ராணுவத்தைத் தவிர வேற யாரும் அந்த டிசைனைப் போடறது சட்டப்படி குற்றமாம்! உடனே மாத்தினேன். இன்னும் சில கரீபியன் தீவுகள்லயும் இதே சட்டம்தான். போறவங்க பெட்டியை செக் பண்ணிக்குங்க.

பத்தேகால். அப்பா இறங்கி வந்தார். வெள்ளைக் கோட் இல்லாம, அயர்ன் பண்ண சட்டையில அவரைப் பார்க்க புது மாப்பிள்ளை மாதிரி இருந்தது. நான் லிஸ்ட்டை எடுக்க, 'ரெண்டு நிமிஷம் தம்பி, அம்மாகிட்ட பேசிடறேன்'னு துறைமுக கேட்டுக்கு வெளிய ஒரு குட்டைச்சுவர்ல போய் உட்கார்ந்தார். மர நிழல். பக்கத்துல கப்பல் ஆட்கள் வரிசையா போனும் கையுமா இருந்தாங்க. நம்ம ஊர்ல அப்போ ராத்திரி ஏழே முக்கால். ரெண்டு நிமிஷம்... இருபது நிமிஷம் ஆச்சு! என் கணக்குல ஒரு இடம் அவுட். உள்ளுக்குள்ள கடுப்பு ஆரம்பம்.

அடுத்து கென்சிங்டன் ஓவல். துறைமுகத்துல இருந்து நடந்தே போயிடலாம். வெளிய கேரி சோபர்ஸ் சிலை. 2024 ஜூன் 29, இந்தியா ஏழு ரன்ல உலகக் கோப்பையை ஜெயிச்சது இங்கேதான். இதே மைதானத்துலதான் 1997-ல 120 ரன் எடுக்க முடியாம, நம்ம ஆளுங்க 81-க்குச் சுருண்டாங்க. 1962-ல நம்ம கேப்டன் நாரி கான்ட்ராக்டர் மண்டையில சார்லி கிரிஃபித் பந்து பட்டு உயிருக்குப் போராடினதும் இங்கேதான். அப்போ அவருக்கு ரத்தம் கொடுத்தவங்கள்ல ஒருத்தர், வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃப்ராங்க் வொரல்! எழுதும்போதே சிலிர்க்குது.

'ஃபைனல் அன்னைக்கு நீங்க எங்கப்பா இருந்தீங்க?'

'லஞ்ச் டியூட்டி. ஸ்கோர் தெரியல. மேல சர்வ் பண்ற மும்பைக்காரப் பையன் ஓடி வந்து கத்தினான். எல்லாரும் கரண்டியால பாத்திரத்தைத் தட்டினோம். செஃப் திட்டினாரு. மறுபடி தட்டினோம்!'

அப்பா இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. ஆனா அப்போ என் கண்ணு வாட்ச்லதான் இருந்தது. 'டைம் ஆச்சு, வாங்க'ன்னு கிளப்பிட்டேன்.

பிரிட்ஜ்டவுன் கடைவீதி வழியா வேகமா நடந்தோம். நேஷனல் ஹீரோஸ் ஸ்கொயர். 1813-ல வெச்ச நெல்சன் சிலையை 2020-ல எடுத்துட்டாங்க. அடுத்த வருஷம், 2021 நவம்பர் 30-ல, இங்கிலாந்து ராணிக்கு டாட்டா சொல்லிட்டு நாடு குடியரசாவும் ஆயிடுச்சு. அப்பா நின்னு வேடிக்கை பார்க்க, நான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன்.

அடுத்த டார்கெட், பாத்ஷீபா. கிழக்குக் கரை. அட்லான்டிக் அலையும், கடலுக்குள்ள காளான் மாதிரி நிக்கிற பாறைகளுமா போட்டோவுல பிரமாதமா இருக்கும். டாக்ஸிக்குக் காசு பத்தாதுன்னு வேன் ஸ்டாண்டுக்குப் போனோம். நம்ம ஷேர் ஆட்டோ தத்துவம்தான் இங்கேயும்... ஆள் நிறைஞ்சாதான் வண்டி எடுப்பாங்க. பாட்டுச் சத்தத்துல ஜன்னல் கண்ணாடி அதிருது. பத்து நிமிஷம்... இருபது நிமிஷம்... வண்டி அசையல. அப்பா மெதுவா சொன்னார்.

'தம்பி, போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் ஆகும்ங்கிறாங்க. மூணு மணிக்கு நான் கிச்சன்ல நிக்கணும். லேட்டானா வேலைக்கே பிரச்னைப்பா.'

எனக்கு வந்துச்சே கோபம்! 'பதினஞ்சு வருஷமா இந்த ஊருக்கு வர்றீங்க. எங்க எது இருக்கு, எப்படிப் போகணும்னு ஒண்ணுகூடத் தெரியாதாப்பா? இத்தனை தடவை வந்து என்னதான் பண்ணீங்க?'

கேட்டதுமே 'கேட்டிருக்க வேணாம்'னு தோணுச்சு. அப்பா கோபப்படல. யோசிச்சு, கணக்கு ஒப்பிக்கிற மாதிரிதான் சொன்னார்.

'எழுபது, எண்பது தடவை வந்திருப்பேன். காலையில பார்த்தியே, அந்தச் சுவரு... அதைத் தாண்டி வந்ததில்ல. முன்னெல்லாம் கப்பல்ல நெட்டுக்கு நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு காசு. இங்க சும்மா கிடைக்கும். போன் போடுவேன். நீ டியூஷன்ல இருப்ப, இல்லேன்னா தெருவுல விளையாடிக்கிட்டு இருப்ப. அம்மா கூப்பிட்டா, 'அப்புறம் வர்றேன்னு சொல்லு'ம்ப. அந்தச் சத்தம் எனக்குக் கேக்கும். சரி, வந்துருவான்னு லைன்லயே இருப்பேன். அதுக்குள்ள டைம் ஆயிடும். சோப்பு, பேஸ்ட் வாங்கிட்டு ஏறிடுவேன்.'

எனக்குத் தொண்டையில என்னமோ அடைச்சது. 'அப்புறம் வர்றேன்' - அது அப்படியே என் டயலாக்தான். கார்ட்டூன், கிரிக்கெட், கேம்ஸ்... காரணம் மட்டும் வருஷா வருஷம் மாறும். பல நாள் நான் திரும்பி வரவே மாட்டேன். அந்த முனையில அவர் காத்துக்கிட்டு இருப்பார்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்லை. எனக்கு ஒரு இடத்துக்கு இருபது நிமிஷம் பத்தலைன்னு கோபம். அவருக்குக் கரையில கிடைச்சதே சில மணி நேரம். அதுல பாதியை எனக்காக ஒரு சுவர்ல உட்கார்ந்து செலவு பண்ணியிருக்கார்!

'இறங்குங்கப்பா'ன்னேன். லிஸ்ட்டை மடிச்சு உள்ள வெச்சேன்.

எதிர்ல கிளம்பத் தயாரா இருந்த வேன்ல, ஆளுக்கு மூன்றரை பார்பேடஸ் டாலர் கொடுத்தோம். ஒரு அமெரிக்க டாலருக்கு ரெண்டு பார்பேடஸ் டாலர். சில நிமிஷத்துல கார்லைல் பே. அலையே இல்லாத, பச்சைக் கண்ணாடி மாதிரி கடல். சில மரங்கள்ல சிவப்பு பெயின்ட்ல வளையம் போட்டிருந்தாங்க. மான்சினீல் மரமாம். பழம் குட்டி ஆப்பிள் மாதிரி இருக்கும். கடிச்சா ஆபத்து. மழைக்கு அடியில ஒதுங்கினாலே மேல விழற தண்ணி தோலைப் பொசுக்கும். ஆக, சிவப்பு வளையத்தைப் பார்த்தா... அப்படியே ரிவர்ஸ்!

ஒரு கடையில பறக்கும் மீனைப் பொரிச்சு பன்னுக்குள்ள வெச்சுக் கொடுத்தாங்க. பேரு 'ஃபிஷ் கட்டர்'. நாட்டோட ஒரு டாலர் காசுலயே இந்த மீன்தான்! அப்பா ஒரு கடி கடிச்சதும், 'அட, நம்ம பறவைக் கோலா!'ன்னார். தேசிய உணவே இந்த மீனும், சோள மாவும் வெண்டைக்காயும் போட்டுக் கிண்டின களியும்தானாம். 'மீன் ஓகே. மசாலா பத்தாது. அம்மா வெச்சா இதைவிட நல்லா வெப்பா'ன்னு செஃப் டி பார்டி தீர்ப்பு சொன்னார்.

அப்புறம் பேன்ட்டை முட்டி வரைக்கும் மடிச்சுக்கிட்டு தண்ணியில இறங்கினார். கொஞ்ச நேரத்துல முழுசாவே இறங்கிட்டார்! 'பதினஞ்சு வருஷமா கடல்லதான் இருக்கேன். கடல்ல கால் வெச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?'ன்னு மல்லாக்கப் படுத்து மிதந்தார். மாசம் எவ்வளவு சம்பளம், முழங்கை தீக்காயம் எப்படி வந்தது, என் வயசுல அவர் யாரை லவ் பண்ணார்னு (அம்மா இல்லை!) எல்லாம் அந்தத் தண்ணியிலதான் எனக்குத் தெரிஞ்சது.

ரெண்டரைக்கு ஈரச் சட்டையோட திரும்பினோம். கப்பல்ல ஒருநாள் போறவங்களுக்கு ஒரு வார்த்தை... சொந்தமா ஊர் சுத்தப் போனா கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. கரையில ஒரு மணி, கப்பல்ல ஒரு மணின்னு கடிகாரம் வித்தியாசப்படலாம். கப்பல் நேரத்தை நம்புங்க. தூரத்து இடம் ஒண்ணு, பக்கத்து இடம் ரெண்டுன்னு வெச்சுக்கங்க. பதினொண்ணு எல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான் சரிப்படும்.

அப்பா உள்ள போயிட்டார். எனக்கு நாலரை வரைக்கும் டைம் இருந்தது. டாக்ஸிக்காரங்க கூப்பிட்டாங்க. போகத் தோணல. அந்தக் குட்டைச்சுவர்லயே உட்கார்ந்தேன். பக்கத்துல ஒரு பிலிப்பைன்ஸ் ஆள், வீடியோ கால்ல குழந்தைகிட்ட கப்பலைக் காட்டிக்கிட்டு இருந்தார். குழந்தை கொஞ்ச நேரம் பார்த்துச்சு. அப்புறம் எந்திரிச்சு ஓடிப்போச்சு. அவர் கட் பண்ணல. போன்ல தெரிஞ்ச காலி நாற்காலியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஊருக்கு வந்ததும் பசங்க கேட்ட முதல் கேள்வி, 'பதினொண்ணுல எத்தனைடா முடிச்ச?'

'ரெண்டு'ன்னேன். 'ஃபெயிலா!'ன்னு ஓட்டினாங்க. ஓட்டட்டும்.

இப்பவும் சில நாள் ராத்திரி ஏழே முக்காலுக்குப் போன் வரும். கரெக்டா மெஸ்ல தோசை போடுற நேரம். ரூம்மேட் தட்டோட வந்து கூப்பிடுவான். 'அப்புறம் வர்றேன், நீ போடா'ன்னு இப்போ அவன்கிட்டதான் சொல்றேன்!