உள்ளே போனதெல்லாம் பொருந்தியதல்ல

கிளாசிக் 350 பைக்கின் முன்பக்கத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, டியூக் 390-இன் ஃபோர்க்கை மாட்டும் வழக்கம் பட்டறைக்குப் பட்டறை பரவிவிட்டது. வாங்கப் போகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: எத்தனை எம்.எம்.? கிளாசிக்கின் 41-ஐவிட டியூக்கின் 43 பெரிது, அதனால் உறுதி என்று காசைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த 43, ஆக்ஸிலோடு சேர்ந்து ஏறி இறங்கும் பளபளப்பான குழாயின் விட்டம். டியூக்கில் இருப்பது போன்ற தலைகீழ் ஃபோர்க்கில் டீ பிளேட் கவ்விப் பிடிப்பது மேலே இருக்கும் தடித்த வெளிக்குழாயை. அதிலும் மேல் பிளேட்டில் ஓர் அளவும் கீழ் பிளேட்டில் வேறோர் அளவும் இருக்கலாம். வெர்னியர் வைத்துப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லாதவர்கள் கஸ்டம் வேலை என்று பலகை மாட்டியிருப்பது எனக்கு வருத்தம்தான்.

லேத்துக்காரர் பார்த்துக்கொள்வார் என்பார்கள். பாதி உண்மை. ஸ்டியரிங் தண்டின் நீளம், கோன்செட் உட்காரும் இடம், ஆக்ஸில் ஸ்பேசர் எல்லாவற்றையும் லேத்தில் கடைந்து சரிசெய்துவிடலாம். ஆஃப்செட்டை முடியாது. தண்டின் மையத்திலிருந்து இரண்டு குழாய்களின் மையக்கோடு எவ்வளவு முன்னே தள்ளி நிற்கிறது என்பது பிளேட்டில் துளை போட்ட அன்றே முடிவாகிவிட்டது. தண்டின் கோட்டைத் தரைவரை நீட்டினால் தொடும் புள்ளிக்கும், டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் டிரெயில். கைப்பிடியைத் தானாக நேருக்குக் கொண்டுவருவது அதுவே. ஆஃப்செட் 10 மி.மீ. கூடினால் டிரெயில் ஏறக்குறைய 11 மி.மீ. குறையும். குட்டை ஃபோர்க்கால் முன்பக்கம் 25 மி.மீ. இறங்கினால் தண்டின் கோணம் சுமார் 1 டிகிரி செங்குத்தாகி, இன்னும் 6 அல்லது 7 மி.மீ. போகும். 19 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு டியூக்கின் 17 அங்குலத்தைப் போட்டால் அதற்கு மேலும் குறையும். இத்தனையும் ஒரே பக்கமாகச் சேர்கின்றன. "நேராத்தானேண்ணே ஓடுது" என்பது பதிலாகாது. தெருமுனைவரை எல்லா வண்டியும் நேராகத்தான் ஓடும். நெடுஞ்சாலையில் வேகத்தோடு ஒரு குழியில் இறங்கி ஏறும்போது கைப்பிடி உதறுகிறதா என்று பார்க்க வேண்டும். உதறினால் ஸ்டியரிங் டேம்பர் ஒன்றை மாட்டி மறைக்கிறார்கள். நோய் அப்படியே இருக்கிறது.

ஸ்பிரிங்கைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கிளாசிக் 195 கிலோ. டியூக் அதைவிட ஏறக்குறைய 30 கிலோ இலேசு. அதற்காகச் சுற்றிய ஸ்பிரிங் இங்கே ஆள் உட்கார்ந்ததுமே கூடுதலாக அமுங்கி, பிரேக் பிடிக்கும் நேரத்துக்கு வேண்டிய இடத்தைத் தின்றுவிடும். கம்பெனி ஃபோர்க்கை விட்டு நகரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆர்.டி.ஓ. அனுமதியோடு, கணக்குப் போட்டுச் செய்த மாற்றம் நன்றாகவே ஓடும். குழாய்களின் இடைவெளி, இரண்டு பிளேட்டிலும் கவ்வும் விட்டம், ஆஃப்செட், ஆக்ஸிலிலிருந்து மேல் பிளேட்வரை நீளம் ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஆஃப்செட்டை அளந்து பார்க்க விடாத கடையில் ஃபோர்க் வாங்காதீர்கள்.