கொடிமலை தெரிந்த மாடி

முன்பெல்லாம் பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும்போதுதான் ஃபெரிக்குக் கட்டணம் வாங்குவார்கள். தீவிலிருந்து திரும்பும்போது கிடையாது. காரும் லாரியும் ஆட்களும் ஒன்றாக ஏறிப்போன அந்தப் பெரிய ஃபெரிகள் 2020ஆம் ஆண்டோடு நின்றுவிட்டன. இப்போது போகிறவர்களுக்கு வேறு படகுகள் இருக்கின்றன, 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலமும் இருக்கிறது. ஆனாலும் எங்கள் ஊரை முதன்முதலாகப் பார்க்க வேண்டிய இடம் அந்தப் பழைய ஃபெரியின் விளிம்புதான் என்று நான் இன்றும் சொல்வேன். முன்னால் கடலை ஒட்டி ஜார்ஜ் டவுனின் ஓட்டுக்கூரைகள், அவற்றுக்குப் பின்னால் பச்சையாக எழுந்து நிற்கும் மலைத்தொடர், அதன் உச்சியில் பாதி நேரம் மேகம். ஒரே பார்வையில் ஊர் முழுவதும் கண்ணுக்குள் வந்துவிடும்.

நாங்கள் இராணித் தெருவில், 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழே மளிகைக் கடை, மேலே நாங்கள். அப்பா துறைமுகத்தில் கிராணி. பின்பக்கத் திறந்த மாடியில் அம்மா துணி காயப்போடும் கம்பிகளுக்கு அப்பால், பினாங்கு மலை என்கிற கொடிமலை தெரியும். மலை கறுத்தால் துணி எடு என்பது எங்கள் வீட்டுச் சட்டம். காலையில் தெருவில் இறங்கினால், அஞ்சடி என்று நாங்கள் சொல்லும் கடைவாசல் நடைபாதையிலேயே பசியாறலாம். சூடான ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, ஆற்றி ஆற்றி நுரை பொங்கிய தே தாரிக். சில நிமிட நடையில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் பாங்கு, சீனர்களின் குவான் யின் கோயிலிலிருந்து ஊதுபத்திப் புகை, அதையும் தாண்டினால் 1818இல் இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். மதங்கள் அருகருகே வாழ்வதைப் பற்றி யாரும் எங்களுக்குப் பாடம் நடத்தியதில்லை. பள்ளிக்கூடம் போகிற வழி அதுதான்.

கொடிமலைக்குப் போவது எங்களுக்குத் திருவிழா. 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் போவோம். அதற்கு முன்பு வெள்ளைக்காரத் துரைமார் டோலியில் ஏறி உட்கார, ஆட்கள் தோளில் சுமந்து மேலே கொண்டுபோனார்கள். உச்சியில் கொடிக்கம்பம் நட்டு, கடலில் கப்பல் வருவதை ஊருக்குக் கொடியால் அறிவித்தார்கள். நான் ஏறியது 1977இல் வந்த பெட்டிகளில். இரண்டு கட்டப் பயணம். பாதிவழி நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அந்த மாற்றத்துக்காகவே நான் ரயிலில் ஏறினேன் என்றுகூடச் சொல்லலாம். கீழே ஆயர் ஈத்தாமில் வியர்த்து வழிந்த உடம்பு, நடுநிலையத்தில் இறங்கியதும் முதல் குளிர்காற்றை வாங்கும். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வார். மேலே போய்ச் சேர அரை மணி நேரமாகும். வழியில் பெரணிச் செடிகள் கைக்கெட்டும் தூரத்தில் நகரும், எங்கோ குரங்கு கத்தும், கூட வருகிறவர்கள் யாராக இருந்தாலும் பேச்சுக் கொடுத்துவிடுவார்கள்.

2010இல் அதை நிறுத்திவிட்டு 2011இல் புதிய ரயில் விட்டார்கள். ஒரே ஓட்டம், சில நிமிடங்களில் உச்சி. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அது நல்ல காரியம். ஆனால் மலை ஏறுவது என்ற அனுபவம் அதில் கிடைக்கவில்லை. கதவு மூடித் திறப்பதற்குள் மேலே இருக்கிறோம்.

உச்சியில் முருகன் கோயில், பக்கத்தில் ஒரு பள்ளிவாசல். விளிம்பில் நின்றால் நகரம், நீரிணை, பட்டர்வொர்த். வானம் தெளிந்த நாளில் வடக்கே கெடா மாநிலத்துக் குனோங் ஜெராய் மலையும் தெரியும். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நாம் கடாரம் என்று படித்த ஊர். அப்பா அந்தத் திசையைக் கைகாட்டி, லைட் துரை வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மவர் இந்தக் கரைக்கு வந்துவிட்டார்கள் என்பார். நான் வரலாறு படிக்கத் தொடங்கியது அந்த விளிம்பில்தான்.

அப்பா சொன்ன அந்த லைட் துரை, பிரான்சிஸ் லைட், 1786இல் இங்கே இறங்கி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தீவை எடுத்துக்கொண்டு, அரசர் மூன்றாம் ஜார்ஜின் பெயரை ஊருக்கு வைத்தார். 1805இல் மதராஸ், பம்பாய், வங்காளத்தோடு சேர்த்து இதையும் ஒரு மாகாணமாக்கினார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் லைட்டின் வெண்கலச் சிலை 1936இல் வைத்தது. அவருடைய படம் எதுவும் கிடைக்காததால் மகன் வில்லியமின் முகச்சாயலில் வார்த்தார்கள். முதலில் பனைமரத் தடிகளாலும் பிறகு செங்கல்லாலும் கட்டிய அந்தக் கோட்டையிலிருந்து எந்தப் போரிலும் பீரங்கி முழங்கியதில்லை. அங்கே ஸ்ரீ ரம்பாய் என்ற டச்சுப் பீரங்கி இருக்கிறது, 1603 என்று பொறித்தது. பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அதன் வாயில் பூ வைப்பார்கள்.

அந்தக் கோட்டையில் நடந்தவற்றில் என் மனம் நிற்பது 1941 டிசம்பரில். ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, நம் விமானங்கள் என்று நினைத்துச் சனம் தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்தது. குண்டு விழுந்தது. சில நாள் கழித்து ஓர் இரவில், ஐரோப்பியர்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு ஆங்கிலேயர் போய்விட்டார்கள். ஊர்க்காரர்களுக்குச் சொல்லக்கூட இல்லை. கோட்டைக் கொடிக்கம்பத்தில் ஆங்கிலக் கொடி அப்படியே பறந்துகொண்டிருந்தது. அதை இறக்கியவர் ஒரு தமிழர், ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் எம். சரவணமுத்து, யாழ்ப்பாண வழி வந்தவர். ஊரில் வெள்ளையர் இல்லை, இனிக் குண்டு போடாதீர்கள் என்று வானொலி வழியாக அறிவிக்கவும் செய்தார். கைவிடப்பட்ட ஊரை ஒரு பத்திரிகைக்காரரும் அவரோடு சேர்ந்த மலாய், சீன, தமிழ் ஊர்ப் பெரியவர்களும் தாங்கிப் பிடித்தார்கள். கோட்டைக்குப் போகிறவர்கள் பீரங்கியோடு படம் எடுத்துக்கொள்ளட்டும். அந்தக் கொடிக்கம்பத்தின் கீழும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

ஃபார்குவார் தெரு அருங்காட்சியகத்துக்கு அப்பா கூட்டிப்போவார். முன்பு பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் நடந்த கட்டடம் அது, குண்டுவீச்சில் ஒரு பாதியை இழந்தது. உள்ளே கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்த பழைய பினாங்கின் எண்ணெய் ஓவியங்கள், மலாய் வழக்கங்களோடு கலந்த சீன வம்சாவளியினரான பாபா நோன்யாக்களின் நகைகளும் நாற்காலிகளும். வெளியே மலை ரயிலின் முதல் மரப்பெட்டி. எனக்கு அந்த ஓவியங்களின் முன்னால் நிற்பது பிடிக்கும். வளர்ந்து, மருது பாண்டியர் வரலாறு படித்த பிறகு அவை வேறு மாதிரி தெரியத் தொடங்கின. 1801 அக்டோபரில் மருதிருவரைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி 1802இல் நாடு கடத்தினார்கள். இறக்கிய இடம் எங்கள் பினாங்கு. சிவகங்கையில் சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்ட வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி 1818இல் பினாங்கில் துரைசாமியைப் பார்த்து, இளமையிலேயே முதுமை தட்டிப்போன அந்த உருவத்தைப் பற்றித் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஸ்மித்தின் ஓவியங்களில் உள்ள மலையும் கடலும் துரைசாமி பார்த்த மலையும் கடலும்தான். அவர் எந்தத் தெருவில் நடந்தார் என்று காட்டும் பலகை எதையும் எங்கள் தெருக்களில் நான் பார்த்ததில்லை.

தைப்பூசத்தை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு அடைக்கும். பூசத்துக்கு முந்திய நாள் காலை, பினாங்குத் தெருவில் நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும். 1894இல் செய்து தமிழ்நாட்டிலிருந்து வந்த ரதம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரவாகிவிடும். வழியெல்லாம் சிதறுகாய். குவியல் குவியலாகத் தேங்காய் அடுக்கி உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம், நேர்த்திக்கடன் அவர்களுக்கும் உண்டு. இளநீர் ஆறாக ஓடி, செருப்பில்லாத கால்கள் அதில் வழுக்கும். மலைமேல் 513 படியேறிப் போகும் புதிய முருகன் கோயில் 2012இல் வந்தது. நான் அறிந்த பழைய கோயிலைவிட அது மிகப் பெரியது, அழகானதும்கூட. என் கால்கள் பழைய படிகளைத்தான் தேடுகின்றன.

நாங்கள் ஜார்ஜ் டவுனை விட்டு வெளியேறியதற்குக் காரணம் ஒரு சட்ட மாற்றம். போருக்குப் பிந்திய வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு போனது. மாத வாடகை பல மடங்கு ஏறியது. எங்களைப் போன்ற குடும்பங்கள் தெருத் தெருவாகப் பெட்டி கட்டின. நாங்கள் நீரிணையைத் தாண்டிப் பெருநிலம் போனோம், பிறகு நான் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ் டவுனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஓடுகளும் மரச் சன்னல்களும் பிழைத்தன, அதற்கு நன்றி சொல்கிறேன். ஆர்மீனியத் தெருச் சுவரில் மிதிவண்டியில் போகும் இரண்டு பிள்ளைகளின் ஓவியத்தை 2012இல் வரைந்தார்கள். அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை நிற்கிறது. எனக்கும் அந்த ஓவியம் பிடிக்கும். அதே தெருக்களில் உண்மையாகவே மிதிவண்டி ஓட்டிய பிள்ளைகளில் பெரும்பாலோர் இன்று வேறு ஊர்களில் இருக்கிறோம். மனிதர் குடியிருக்காத மரபைக் காப்பாற்றியதாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எஞ்சியிருக்கும் குடும்பங்களாவது அங்கேயே வாழ வழி செய்ய வேண்டும்.

எங்கள் தாத்தா பினாங்குக்கு வந்த ராஜுலா கப்பல் எழுபதுகளில் நின்றது. அடுத்து ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985இல் தீப்பிடித்தபோது, நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இருந்த கடல்வழியே மூடிப்போனது. ஆனால் சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் பக்கத்தில் பினாங்கு போய்வந்தவர் ஒருவராவது இல்லாத ஊர் குறைவு. உங்கள் வீட்டு மரப்பெட்டியிலோ பரணிலோ அவர்களுடைய கடிதம், கப்பல் சீட்டு, கடைக் கணக்கு, பினாங்கு ஸ்டுடியோவில் எடுத்த படம் ஏதாவது இருந்தால், தயவுசெய்து பழைய காகிதம் என்று எறிந்துவிடாதீர்கள். வீட்டில் விவரம் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே, யார், எந்தத் தெரு, என்ன வேலை என்று கேட்டுப் பின்பக்கம் எழுதிவையுங்கள். ஒரு பிரதியை அருகிலுள்ள நூலகத்தில் கொடுங்கள்.