திரும்பி வந்தவனுக்கு எத்தனை சீன்?

சாலிகிராமத்தில் இரண்டாவது மாடி அறை. தரையில் பாய், நடுவில் டீ ஃபிளாஸ்க், எண்ணெய் ஊறிய வடைப் பொட்டலம். உதவி இயக்குநர் தம்பி ஒருவர் ஒயிட்போர்டில் பெரிய வட்டம் போட்டு, கடிகாரம் மாதிரி பன்னிரண்டு புள்ளி குத்தியிருந்தார்.

“சார், ஹீரோ இப்ப ரெண்டுல நிக்கிறாரு. மூணுல அழைப்பை மறுக்கணும்.”

“அவரு எப்படிப்பா மறுப்பாரு? டேட் குடுத்துட்டாரே” என்றார் கோ-டைரக்டர்.

சிரித்தோம். ஆனால் சிக்கல் நிஜமானது. பெரிய நடிகர் படத்தில் நாயகன் ஓப்பனிங் சாங்கோடு வருகிறான். ஊரே ஆடி முடித்த பிறகு, “எனக்குப் பயமாயிருக்கு, நான் வரல” என்று அவனைச் சொல்ல வைக்க எந்த எழுத்தாளனுக்கும் துணிச்சல் வருவதில்லை.

டிஸ்கஷன்களில் உட்கார்ந்தே எனக்கு இருபது வருஷம் ஓடிவிட்டது. இதே வேலையை அந்தக் காலத்தில் ‘கதை இலாகா’ என்று டைட்டிலில் கௌரவமாகப் போடுவார்கள். இப்போது நன்றி கார்டில் பத்தோடு பதினொன்றாகப் போகிறோம். அந்த வட்டம் முதலில் என் கைக்கு வந்தது ஜெராக்ஸ் பிரதியாகத்தான். ஜோசஃப் கேம்பெல் என்ற அமெரிக்கப் பேராசிரியர், உலகத்துப் புராணங்களையெல்லாம் ஒன்றாகப் போட்டு அலசி, 1949இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான், தெரியாத உலகத்தில் சோதனைப்படுகிறான், ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொண்டு திரும்புகிறான். எல்லாக் கதைக்கும் எலும்புக்கூடு இதுதான் என்றார். அதைப் பதினேழு கட்டமாகப் பிரித்தார். 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்தது. கேம்பெல்லுக்குத் தான் பட்ட கடனை ஜார்ஜ் லூகாஸ் வெளிப்படையாகவே சொன்னார். பிறகு டிஸ்னியில் கதை ஆலோசகராக இருந்த கிறிஸ்டோபர் வோக்லர், இந்தப் பதினேழைப் பன்னிரண்டாகச் சுருக்கி ஏழு பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார். 1992இல் அது புத்தகமானது. எங்கள் போர்டில் இருந்த வட்டம் அதன் பேரப்பிள்ளை.

எனக்கு இந்த வட்டத்தோடு சண்டை இல்லை. கதை எங்கே இடறுகிறது என்று பார்க்க உதவும் டார்ச் லைட் அது. அதை அச்சாக வைத்துக் கதை வார்த்தால்தான், எல்லாம் ஒரே சைஸ் பொம்மையாக வந்து விழுகிறது. என் குறை வேறு. கேம்பெல்லின் பதினேழில் ஆறு கட்டங்கள் திரும்பி வருவதைப் பற்றியவை. திரும்ப மனமில்லாமல் அங்கேயே தங்கிவிடப் பார்ப்பதைக்கூடத் தனிக் கட்டமாக வைத்திருக்கிறார். வோக்லரிடம் அது மூன்றாகிவிட்டது. எங்களிடம் வரும்போது கிளைமாக்ஸ் ஃபைட்டுக்குப் பிறகு ஒன்றரை நிமிடம். அதற்குள் தியேட்டரில் பாதிப் பேர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

நல்ல படங்கள் இதில் என்ன செய்தன என்று பார்த்தால் தொழில் புரியும். ‘தேவர் மகன்’ (1992) படத்தில் சக்தி ரயிலில் ஊருக்கு வந்து இறங்குவதில்தான் கதையே தொடங்குகிறது. ஊர் அவனைக் கூப்பிடுகிறது. அவன் மறுக்கிறான், அதுவும் ஒரு சீனில் இல்லை, ஏறக்குறைய பாதிப் படம். நாயகன் மறுத்தால் படம் படுத்துவிடும் என்கிறவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் அதுதான். ‘பாட்சா’ (1995) இன்னும் கில்லாடித்தனம். மாணிக்கம் ஆட்டோ ஓட்டும்போதே அவனுடைய பயணம் முடிந்துவிட்டது; பம்பாய்க்குப் போய், ஆண்டு, எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு வந்தவன். கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கும்போது அவன் வாங்கிக்கொண்டு நிற்கிறானே, அந்த நிற்றலில்தான் படம் முழுவதும் இருக்கிறது. திரும்பி வந்தவன் சாதாரணமாக இருக்கப் படும் பாடு அது. நாம் அதை மாஸ் படம் என்று மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

திரும்புவதை இவர்களைவிட நிதானமாக எழுதிக் காட்டியவர் சாத்தனார். மணிமேகலையைத் தூக்கத்திலேயே தெய்வம் எடுத்துக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. கேம்பெல் பார்த்திருந்தால் துள்ளியிருப்பார்: தெரியாத தீவு, முற்பிறப்பு அறிதல், வழிகாட்ட தீவதிலகை, கோமுகிப் பொய்கையிலிருந்து எழுந்து வரும் அமுதசுரபி. முப்பது காதைகள் உள்ள காப்பியத்தில் பாத்திரம் அவள் கைக்கு வருவது பதினோராவது காதையில். எங்கள் டிஸ்கஷனாக இருந்தால் அதைக் கிளைமாக்ஸில் வைத்து, ஸ்லோமோஷனில் வானத்துக்குத் தூக்கிக் காட்டியிருப்போம். சாத்தனார் அவளை அந்தப் பாத்திரத்தோடு புகாருக்குத் திருப்பி அனுப்புகிறார். அங்கே வந்தும் உடனே சோறு பொங்கி வழியவில்லை. பதினாறாவது காதையில் ஆதிரை என்ற பெண் தன் வீட்டு வாசலில் முதல் பிச்சை இடுகிறாள். அதற்குப் பிறகுதான் எடுக்க எடுக்கக் குறையாத சோறு. நடுவில் நான்கு காதைகள், கையில் இருந்தது வெறும் ஓடுதான்.

பல வருஷம் முன்பு இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். அப்பா தம்மாமில் ஃபிட்டராகப் பதினோரு வருஷம் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. வந்தால் கோடாலித் தைலமும் டேங்க் பவுடரும் நிடோ டப்பாவுமாக வீடு திருவிழாவாகிவிடும். கடைசியாக விசாவை முடித்துக்கொண்டு வந்தபோது, கயிறு சுற்றிய அதே பெட்டி, அதே தைலம். லீவு அல்ல என்பதுதான் வித்தியாசம். மூன்றாவது மாதம் தங்கச்சி அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டாள்: “அப்பாவுக்கு லீவு எப்பம்மா முடியும்?”

அவருக்கும் தெரியவில்லை. காலை நாலு மணிக்கே எழுந்து, ஷிஃப்ட் இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். இருட்டில் சுவிட்சை வேறு சுவரில் தடவுவார். தண்ணீர் வேண்டுமென்றால், விருந்தாளி மாதிரி, “தண்ணி எங்க வச்சிருக்கீங்க?” என்பார். அம்மா பதினோரு வருஷம் தனியாக நடத்திய வீடு அது. பால் கணக்கு, சீட்டு, மாமன் வீட்டு மொய் எல்லாம் அவள் விரல் நுனியில். அவருக்கு அதில் நுழைய ஓர் இடுக்குகூட இல்லை. அனுப்பிய பணம் அவருக்கு முன்பே வந்து கூரையாகவும் தரையாகவும் வீட்டில் உட்கார்ந்துவிட்டது.

ஒருநாள் அம்மா ரேஷன் கார்டையும் சீமெண்ணெய் கேனையும் அவர் முன்னால் வைத்து, “கூட்டம் வர்றதுக்குள்ள போயிட்டு வாங்க” என்றாள். அவ்வளவுதான். வேறு ஒன்றும் பேசவில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் கார்டைப் பார்த்துவிட்டு, “யாரு வீடு?” என்று கேட்டிருக்கிறார். குடும்பத் தலைவர் என்று அப்பாவின் பெயர்தான் அதில் இருந்தது. அவரோ அம்மாவின் பெயரைச் சொல்லி, “அவங்க வீட்டுக்காரர்” என்றாராம். மத்தியானம் கேனோடு திரும்பியவர், நேராக அடுப்படிக்குப் போய்த் தானே தண்ணீர் மொண்டு குடித்தார்.

இப்போது நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் கதையிலும் ஒருவன் திரும்பி வருகிறான். எங்கிருந்து, எதற்கு என்று நான் சொல்லக்கூடாது. ஃபைட்டுக்கும் சுபத்துக்கும் நடுவில் இந்த ரேஷன் கடையைக் கொண்டுவர முடியுமா என்று மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறேன். தம்பி மார்க்கரோடு எழுந்து, “இதை எத்தனையாவது புள்ளியில போடுறது சார்?” என்றார். வட்டத்தில் இடமில்லை; ஓரத்தில் சின்னதாக எழுதி வைத்தார்.

டைரக்டர் கண்ணை மூடி முழுக்கக் கேட்டார். ஃபிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பார்த்தார், டீ இல்லை.

“எல்லாம் சரி. இந்த சீன்ல ஹீரோ என்ன பண்றாரு?”

“க்யூவுல நிக்கிறாரு சார்.”