வாகனமும் ஓர் அமானிதமே



நம்மிடம் மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர் இன்று தேவாரத்தில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார். வாகனம் என்றால் அவருக்கு உயிர். 1947இல் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது முதல் 2010இல் வந்த தார் வரை சலிக்காமல் பேசுவார். மலைக்குப் பழைய டீசல் ஜீப்பே ஏற்றது என்பார். பழுதானால் வழியிலேயே சரிசெய்துகொள்ளலாமாம். புதிய கார்களில் திரை பெரிதாகப் பெரிதாக ஓட்டுபவரின் கவனம் சிறிதாகிறது என்பதும் அவர் கருத்தே. இரவில் கைப்பேசியில் 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' ஆடுவார். மக்தப் நாள்களில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஜீப் வரைந்ததற்காக, "வீண் வேலை" என்று அவரைக் கடிந்திருக்கிறோம்.

தேவாரத்திலிருந்து சாக்குலூத்து மெட்டு வழியாக மலைக்கு வாகனச் சாலை வேண்டும் என்பது ஊரின் நெடுநாள் கோரிக்கை. அது இல்லாததால், ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் போடி சென்று, போடிமெட்டு வழியாகச் சுற்றியே ஏறுகிறார்கள். ஒருநாள் பஜ்ருக்குப் பின், தம் வண்டியைத் தவறவிட்டு நின்றிருந்தார் நம் தெருச் சகோதரி ஒருவர். அவ்வழியே வந்த நம் மாணவரின் ஜீப்பை நிறுத்தினோம்.

"தம்பி, இவரையும் ஏற்றிக்கொள்."

"மன்னிக்கணும் ஹஜ்ரத், இடமில்லை."

"பிஸ்மில்லாஹ் சொல்லி நெருக்கி உட்காரச் சொல்லப்பா. அல்லாஹ் பார்த்துக்கொள்வான்."

அவர் தலைகுனிந்தார், ஆனால் இணங்கவில்லை. ஜீப் போய்விட்டது. சகோதரி அன்றைய கூலியை இழந்தார். நமக்குக் கோபம்.

இஷாவுக்குப் பின் அவரே தேடி வந்தார். "ஹஜ்ரத், மெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பாரம் கூடினால் வண்டி திணறும். மாலையில் இறங்கும்போது அதே பாரம் முன்னால் தள்ளும். ஏறின கியரிலேயே இறங்கணும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். கேமில் பள்ளத்தில் விழுந்தால் பொத்தானை அழுத்தி வண்டியை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவரலாம். இங்கே அந்தப் பொத்தான் இல்லை. வாகன துஆவை நீங்கதானே கற்றுக்கொடுத்தீங்க?"

நாம் வாயடைத்துப் போனோம். ஸூரா ஸுக்ருஃபின் 13, 14ஆம் வசனங்களில் வரும் அந்த துஆ, வாகனம் நம் வலிமையால் வசப்பட்டதல்ல என்பதையும், நாம் இறைவனிடமே திரும்ப வேண்டியவர்கள் என்பதையும் உணர்த்துகிறது. நாம் உச்சரிப்பைத் திருத்தினோம். அவர் பொருளை எடுத்துக்கொண்டார். பிஸ்மில்லாஹ் என்பது அளவு மீறுவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

வாகனத்தின் மீதான ஆசை குற்றமும் அல்ல. ஸூரா நஹ்லின் 8ஆம் வசனம் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைப் பயணத்துக்கு உரியவை என்பதோடு அலங்காரம் என்றும் குறிப்பிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை ஹதீஸ்களில் காண்கிறோம். விளையாட்டில் பணம் கட்டினால் அது சூதாட்டம். தொழுகையை மறக்கச் செய்தால் அது கேடு. அந்த எல்லைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். அதற்கு முன், அவர்கள் எதை விரும்புகிறார்கள், ஏன் விரும்புகிறார்கள் என்று காதுகொடுத்துக் கேட்போம். அந்த விருப்பத்தின் வழியாகவே அமானிதத்தைக் கற்பிக்கலாம்.

அந்தச் சகோதரியின் கூலி போனதும் உண்மையே. அதை ஈடுசெய்யும் பொறுப்பு ஓட்டுநருடையது அல்ல. தெருவில் நின்று "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று எளிதாகச் சொன்ன நம்முடையது. மறுநாள் அதை நிறைவேற்றினோம்.

மலையேறும் நம் சகோதரிகளையும், அவர்களைச் சுமந்து செல்லும் ஓட்டுநர்களையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.